செல்மாவின் வயிற்றில் ஒரு தொட்டி

பால் லாரியின் மேல்மூடியைத் திறந்ததும் முதலில் உள்ளே போவது ஹில்க்காவின் மூக்குதான். சோதனைக் குழாய்களும் எண் காட்டும் கருவிகளும் அதற்குப் பிறகுதான். கடலோரக் கோட்கா நகரத்தை ஒட்டிய பால் ஆலையில் முப்பத்தொரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. மாடு புளித்த தீவனம் தின்றிருக்கிறதா, கொட்டகையில் காற்றோட்டம் இல்லையா, கறவைக் குழாயைக் கழுவாமல் விட்டார்களா என்பதை எல்லாம் ஒரே இழுப்பில் சொல்லிவிடுவாள். அவள் "திருப்பிக் கொண்டு போ" என்றால் பன்னிரண்டாயிரம் லிட்டர் பாலும் திரும்பிப் போகும். மேலாளர்கூட ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

அவளுடைய குரலும் மூக்குக்குச் சளைத்ததல்ல. பாலை இறக்கியபின் டிரைவர்கள் லாரித் தொட்டியைக் கொதிநீரில் கழுவுவார்கள். அந்தச் சூட்டோடு மூடியை மூடிவிட்டுக் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் ஆவி சட்டென்று சுருங்கும். வெளிக்காற்று அழுத்தி, அத்தனை பெரிய எஃகுத் தொட்டியையும் அப்பளமாக நொறுக்கிவிடும். "மூடியைத் திறந்து வைடா! நசுங்கிடும்!" என்று முற்றம் அதிர அவள் கத்தாத நாள் கிடையாது. அதிகம் திட்டு வாங்கியவன் பெர்த்தி. லாரியிலும் அவளிடம் மாட்டுவான், படகுச் சங்கத்திலும் அவள் படகுக்கு அடுத்த இடத்தில்தான் தன் படகைக் கட்டியிருந்தான்.

ஹில்க்காவும் அவள் கணவன் ராய்மோவும் வைத்திருந்த மோட்டார் படகுக்கு செல்மா என்று பெயர். 1961இல் கட்டிய படகு. பதினோரு மீட்டர் நீளம், ஓக் விலா எலும்புகளின் மேல் பைன் பலகை. முன்னறையில் இரண்டு படுக்கைகள், நடுவில் அடுப்பு, பின்னால் அலமாரி அகலத்தில் ஒரு கழிவறை. அந்தக் கழிவறையின் கைப்பம்பை நாலு இழுப்பு இழுத்தால் எல்லாம் நேராகக் கடலுக்குப் போய்விடும். கட்டிய காலத்தில் எல்லாப் படகும் அப்படித்தான்.

ராய்மோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். ஐம்பத்தெட்டாவது வயதில் குடலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை ஓட வேண்டியிருந்தது, அதுவும் நினைத்த மாத்திரத்தில். அறுவைக்கு அடுத்த கோடையில் அவர்கள் ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டிருந்தார்கள். பக்கத்துப் படகிலிருந்து இரண்டு சிறுமிகள் தண்ணீரில் குதித்து நீந்தி வந்து செல்மாவின் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கழிவறைக்குள் இருந்த ராய்மோ பம்பின் கைப்பிடியைத் தொடாமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும், "நங்கூரத்தைத் தூக்கு. வீட்டுக்குப் போவோம்" என்றான்.

அதற்கப்புறம் அந்தக் கோடை முழுக்க செல்மா துறையை விட்டு அசையவில்லை. இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடும்போது ராய்மோ சொன்னான்:

"அடுத்த வருஷத்துல இருந்து கழிவைக் கடல்ல விடக்கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு. இதை வித்துடலாம் ஹில்க்கா. விளம்பரம்கூட எழுதி வச்சுட்டேன்."

"காட்டு."

அவன் காட்டினான். 'நன்கு பராமரிக்கப்பட்ட மரப்படகு. உரிமையாளரின் உடல்நிலை காரணமாக' என்று தொடங்கியது. ஹில்க்கா அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"உடல்நிலைக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு தொட்டிதான் இல்லை. வச்சுடறேன்."

"இந்தப் படகுலயா? எங்க வைப்ப? என் தலைமாட்டுலயா?"

"ஜூன்ல சங்கத்து ஆய்வு. அதுல தேறலைன்னா உன் விளம்பரத்தை நானே பத்திரிகையில கொண்டு போய்க் குடுக்கறேன்."

சங்கத்தில் ஒவ்வொரு கோடையும் உறுப்பினர்களின் படகுகளைச் சங்கத்து ஆளே ஆராய்ந்து, சரியென்றால் அந்த ஆண்டின் ஒட்டுவில்லையை ஒட்டுவார். நடுக்கோடைத் திருநாளுக்குள் வில்லை ஒட்டாத படகு சங்கக் கொடியை ஏற்ற முடியாது. அந்த ஆய்வாளர் தௌனோ. ஓய்வு பெற்ற கப்பல் வழிகாட்டி, எழுபத்துநாலு வயது. சொந்தத் தம்பியின் படகையே தீயணைப்பான் காலாவதியான குற்றத்துக்காக மூன்று கோடை கொடியில்லாமல் நிறுத்தியவர்.

ஹில்க்கா சொன்னதைக் கேட்டு தௌனோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பழைய படகுக்கு ஒரு வாளி போதும். வாளி ஓட்டை விழுந்தா கண்ணுக்குத் தெரியும். தொட்டி ஓட்டை விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"என் மூக்குக்குத் தெரியும்."

"உன் மூக்கை நான் ஆய்வு பண்றதில்லை. தொட்டியைத்தான் பண்ணுவேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிறு தவறாமல், தார்ப்பாய்க்குள் தலைவிளக்கு கட்டிக்கொண்டு தவழ்ந்தாள். படுக்கைக்கு அடியில் இடம் இருந்தது. ஆனால் நூறு லிட்டர் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் படகு அந்தப் பக்கமே சாய்ந்து போகும். கழிவறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமானால் இரண்டு விலாக்களை வெட்ட வேண்டும். விலாவை வெட்டினால் தௌனோ அவள் கையையே வெட்டுவார். கடைசியில் முன்னறைத் தரைப்பலகைக்குக் கீழே, அடிக்கட்டைக்கு நேர் மேலே, மேலே அகன்று கீழே குறுகிய ஒரு பள்ளம் அகப்பட்டது. அளவுநாடா அந்த வளைவுக்குள் ஒழுங்காகப் போகவில்லை. அவள் காலி பால் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, பள்ளத்தின் உருவத்தையே அட்டையில் எடுத்தாள். எழுபத்துமூன்று பெட்டிகள். பிறகு அந்த அட்டைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படகின் கதவு வழியே வெளியே வர முயன்றாள். கதவில் இடித்தது. இரண்டு விரல் குறைத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

வீட்டுச் சமையல் மேசையில் அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ராய்மோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எனக்குச் சவப்பெட்டியா? கால் நீட்ட முடியாது போலிருக்கே."

"உன் பாதிக் குடலுக்கு இது தாராளம். மேசையைத் துடை, சூப் ஆறுது."

ஆலைப் பட்டறையின் வெல்டர் அந்த அட்டையை வைத்தே அமிலம் தாங்கும் எஃகில் தொட்டியை அடித்துக் கொடுத்தான். குழாய் போடுவதை ஹில்க்கா வேறு யாருக்கும் விடவில்லை. பால் ஆலையில் ஒரு விதி உண்டு: எந்தக் குழாயிலும் திரவம் தங்கக் கூடாது, பம்பு நின்றால் தானாக வழிந்து போக வேண்டும். கழிவறையிலிருந்து தொட்டி வரை ஓர் இடத்திலும் தொங்கல் இல்லாமல் சரித்தாள். தடித்த ரப்பர்க் குழாயின் ஒவ்வொரு முழத்திலும் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, எடுத்து, முகர்ந்து பார்த்தாள். சூட்டில்கூட வாசனை கசியாத குழாயை மட்டும்தான் படகுக்குள் விட்டாள். உறிஞ்சி எடுப்பதற்கான வாயை மேல்தளத்தில் பித்தளை மூடியோடு பதித்தாள்.

மிச்சமிருந்தது தொட்டியின் மூச்சுக் குழாய். உள்ளே கழிவு போனால் காற்று வெளியேற வேண்டும், கழிவு வெளியே போனால் காற்று உள்ளே வர வேண்டும். அந்தக் குழாய் போய் முடிவது படகின் பக்கவாட்டில். ஜூலை மாதத்தில், மேல்தளத்தில் யாராவது காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சின்னத் துளை வழியாக என்ன வரும் என்று ஹில்க்காவின் மூக்குக்கு முன்கூட்டியே தெரிந்தது. தன் படகில் அது நடக்கக் கூடாது. விரல் பருமன்கூட இல்லாத மெல்லிய குழாயைத் தேர்ந்தெடுத்தாள். அதன் நடுவில் கரித்தூள் அடைத்த ஒரு வடிகட்டியை வைத்தாள். பிறகு முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. மழைநீரைப் போலச் சுத்தம். அன்று அவள் நடந்த நடையைப் பார்த்து ராய்மோ, "என்ன, கப்பலே கட்டிட்ட மாதிரி நடக்கற?" என்றான்.

"கட்டிட்டேன்."

மே கடைசியில் செல்மா கடலில் இறங்கியது. கோடைப் பருவம் தொடங்கும் சங்கத்துக் கொடியேற்றத்தன்று, தொட்டியில் வெறும் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, துறையின் முனையில் மிதக்கும், படகுத் தொட்டிகளின் கழிவை இழுத்தெடுக்கும் உறிஞ்சு மேடைக்குப் படகை ஓட்டினாள். ஒத்திகை பார்ப்பதற்கு வேறு நாள் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றுதான் எல்லோரும் துறையில் நின்று சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தாள். வழியில் அலை கொஞ்சம் அடித்தது, பக்கவாட்டில் தெறித்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

மேடையின் குழாயைப் பித்தளை வாயில் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். உறிஞ்சத் தொடங்கியது. முன்னறையில் ராய்மோ காப்பியோடு உட்கார்ந்திருந்தான். அரை நிமிடம் போயிருக்கும். படகின் அடிவயிற்றிலிருந்து "தடால்" என்று ஓர் ஓசை எழுந்தது. தரைப்பலகை துள்ளியது. துறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ராய்மோ சட்டையெல்லாம் காப்பியோடு கதவில் வந்து நின்றான்.

"நான் இல்லை," என்றான். "சத்தியமா நான் இல்லை."

துறை முழுக்கச் சிரித்தது. ஹில்க்கா பொத்தானை நிறுத்திவிட்டுக் கீழே ஓடிப் பலகையைத் தூக்கினாள். தொட்டியின் ஒரு பக்கம் யாரோ கடித்து இழுத்தது போல உள்ளே போயிருந்தது. மூச்சுக் குழாயைக் கழற்றினாள். தெறித்த அலை குழாய்க்குள் ஏறி, கரித்தூள் நனைந்து, களிமண்ணாக இறுகியிருந்தது. மேடை உறிஞ்ச உறிஞ்சத் தொட்டிக்குள் வர ஒரு துளிக் காற்றுக்கும் வழியில்லை.

பின்னால் வரிசையில் நின்ற பெர்த்தி தன் படகிலிருந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

"ஹில்க்கா, ஒரு சந்தேகம். முப்பது வருஷமா முற்றத்துல நின்னு என்னைப் பார்த்து என்னன்னு கத்துவ?"

அவள் குழாயிலிருந்து நனைந்த கரித்தூளை விரலால் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு, எனக்கு மறந்து போச்சு."

ஹில்க்கா நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் துறை முழுக்கக் கேட்கும்படி, ஆலை முற்றத்துக் குரலிலேயே கத்தினாள்: "மூடியைத் திறந்து வைடா! நசுங்கிடும்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பெர்த்தி சிரித்து முடித்துவிட்டு, கயிற்றை எடுத்து செல்மாவைத் தன் படகோடு கட்டி அவள் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். தௌனோ சிரிக்கவில்லை. குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"வளைஞ்ச வெல்டை நான் நம்ப மாட்டேன். நடுக்கோடைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. வாளி வாங்கிடு."

ராய்மோ அன்று மாலை விளம்பரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைத் தானே துவைத்துக்கொண்டான். அவன் கேலி பேசியிருந்தால்கூட ஹில்க்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவள் சாப்பாட்டு அறைக்குப் போகவில்லை. ஆலையின் பின்புறம், கழிவுநீர்க் குளத்தருகே போய் நின்றாள். பால் கழிவு எல்லாம் அங்கேதான் சேரும். அடியிலிருந்து ஊதுகுழாய்கள் இரவும் பகலும் காற்றைக் குமிழிகளாக விட்டுக்கொண்டிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வார இறுதியில் ஊதுகுழாய்கள் நின்றுபோய், நாற்றம் மாதாகோவில் வரை போனது. அவற்றைச் சரிசெய்த இரண்டாம் நாள் எல்லாம் அடங்கிவிட்டது. அதை அவள் பழுது என்று மட்டுமே எண்ணியிருந்தாள். இப்போது குளத்தின் மேல் குனிந்து, லாரி மூடியில் முகர்வது போல நிதானமாக முகர்ந்தாள். மழை பெய்த உருளைக்கிழங்குத் தோட்டத்தின் வாசனை. அவ்வளவுதான்.

வாசனை வராமலிருக்க அவள் காற்றை அடைத்தாள். காற்று இல்லாததால்தான் அழுகும், அழுகினால்தான் நாறும். அவள் செய்ததெல்லாம் தலைகீழ். தொட்டிக்கு வேண்டியது இன்னும் சின்னத் துளை அல்ல, இன்னும் பெரியது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

வெல்டர் தொட்டியை வெட்டித் திரும்ப அடித்துத் தருவதாகச் சொன்னான், ஆனால் அவனுக்கு ஆலை வேலை முடிய ஒரு மாதம் ஆகும். ஹில்க்கா காத்திருக்கவில்லை. தொட்டியை வெளியே எடுத்து வீட்டு வாசலில் வைத்தாள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, எல்லா வாய்களையும் அடைத்து, ஒரே ஒரு வாயில் மட்டும் ஆலையிலிருந்து இரவல் வாங்கிய கை அழுத்தப் பம்பைப் பொருத்தினாள். உறிஞ்சல் உள்ளே இழுத்ததை நீர் வெளியே தள்ளட்டும். ஓர் இழுப்பு, நிறுத்தம். வெல்டுகளைத் தடவிப் பார்த்தாள். இன்னோர் இழுப்பு. ராய்மோ வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெடிச்சா?"

"வெடிச்சா நனைவோம். சுத்தத் தண்ணிதான், பயப்படாத."

பதினேழாவது இழுப்பில் "டங்" என்று மணி அடித்தது போல எஃகு வெளியே துள்ளி வந்து நின்றது. தலையணை பதிந்த கன்னம் போல ஒரு மடிப்பு மட்டும் மிச்சம். ராய்மோ எழுந்து வந்து அந்த மடிப்பைக் கட்டைவிரலால் நீவினான். உள்ளே போய், துளை போடும் கருவியை எடுத்து வந்தான்.

"ரெண்டு பக்கமும்தானே? எந்த உயரத்துல?"

படகின் இரு பக்கமும், அலை எட்டாத உயரத்தில், கட்டைவிரலைவிடப் பெரிய இரண்டு துளைகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒன்றில் புகுந்து தொட்டியைத் தடவிக்கொண்டு மற்றொன்றில் வெளியேறும்படி அகலக் குழாய்கள். கரித்தூள் கிடையாது. வடிகட்டி கிடையாது. அறுபத்தொரு ஆண்டுப் பலகையில் அந்த இரண்டில் முதலாவதை ராய்மோவே போட்டான்.

ஆய்வு நடுக்கோடைக்கு இரண்டு நாள் முன்பு. தௌனோ முந்தின நாளே வந்து தொட்டியை முழுக்க நிரப்பச் சொன்னார். பிறகு தன் பையிலிருந்து உள்ளூர்ப் பத்திரிகையை எடுத்து, ஒரு தாளை விரித்துத் தொட்டிக்கு அடியில் செருகினார். ஒரு சொட்டு விழுந்தாலும் மை ஊறிக் காட்டிக் கொடுத்துவிடும். இருபத்துநாலு மணி நேரம்.

"எந்தப் பக்கத்தை வச்சிருக்க?" என்று ராய்மோ கேட்டான்.

"இரங்கல் பக்கம். இனிமே யாரும் அழப்போறதில்லை. நனைஞ்சா தொட்டியாலதான்."

மறுநாள் தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். இருபுறமும் தடவினார். நின்றபடியே இரண்டு இரங்கல் செய்திகளைப் படித்து முடித்தார். "ம்," என்றார். "மேடைக்கு ஓட்டு."

இந்த முறை தொட்டியில் இருந்தது வெறும் நீரல்ல. ராய்மோ பத்து நாளாகப் படகிலேயே இருந்து அதற்கான உழைப்பைச் செய்திருந்தான். துறையில் ஆட்கள் வேலையில்லாதது போல வந்து நின்றார்கள். பெர்த்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். ஹில்க்கா குழாயைப் பொருத்தினாள், அழுத்தினாள். உறிஞ்சல் சீராக ஓடியது. காற்று இரு பக்கத் துளைகளிலும் மெல்லச் சீழ்க்கையடித்து உள்ளே போனது. நாலு நிமிடம். கடைசியில் காலிக் கோப்பையை உறிஞ்சும் ஓசை. வேறு ஒன்றுமில்லை.

தௌனோ பக்கவாட்டில் குனிந்து துளையருகே மூக்கை வைத்தார். நிமிர்ந்தார். மறுபக்கம் போய் அங்கேயும் வைத்தார்.

"என்ன வருது?" என்றாள் ஹில்க்கா.

"கடல்."

சன்னலில் அந்த ஆண்டின் வில்லையை ஒட்டி, நகத்தால் நீவினார். படிவத்தில் 'குறைகள்' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். படகை விட்டு இறங்கப் போனவர் நின்றார்.

"என் படகுக்கு அளவெடுக்க எப்ப வருவ?"

"உனக்கு வாளி போதும்னியே."

"அது மூணு வாரத்துக்கு முந்தி."

"முதல்ல பால் குடி, தௌனோ. எழுபது அட்டைப்பெட்டி சேர்ந்ததும் கூப்பிடு."

பெர்த்தி காதிலிருந்து கையை எடுத்தான். "எனக்கும் ஒண்ணு. மூடி திறந்தே இருக்கற மாதிரி செஞ்சு குடு, எனக்கு ஞாபக மறதி." அவள் அவன் மேல் ஈரக் கையுறையை எறிந்தாள். அந்த வரிசையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவரும் அவளிடம் தங்கள் படகின் வயதைச் சொன்னார்கள்.

நடுக்கோடைத் திருநாளன்று செல்மா கொடியேற்றிக்கொண்டு வெளித்தீவுகளைத் தாண்டிப் போனது. அங்கே ஒரு பாறைத்தீவு உண்டு. ஒரு வீடு கிடையாது, ஒரு கழிவறை கிடையாது, கடற்பறவைகள் மட்டும். இரண்டு கோடையாக ராய்மோ அதன் பெயரையே எடுக்கவில்லை. போகும் வழி முழுக்கச் சுக்கானை அவனே பிடித்தான். கேட்காமலேயே ஹில்க்கா விட்டுக் கொடுத்தாள்.

ராய்மோ நினைத்தபோதெல்லாம் உள்ளே போனான், நினைத்தபோதெல்லாம் வெளியே வந்தான். மீன் சுட்டார்கள், கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றார்கள், பாறையில் படுத்துத் தூங்கினார்கள். பக்கத்தில் நங்கூரமிட்ட ஒரு படகிலிருந்து பிள்ளைகள் குதித்து செல்மாவைச் சுற்றி நீந்தினார்கள். ராய்மோ ஏணியை இறக்கி, ஏறி வந்து குதிக்கச் சொன்னான்.

ஐந்தாம் நாள் காலை ஹில்க்கா நங்கூரக் கயிற்றில் கை வைத்தாள். மறுநாள் அவளுக்கு ஆலையில் வேலை. ராய்மோ தரைப்பலகையைத் தூக்கிக் குனிந்து, தொட்டியின் பக்கத்தில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே கையை மேலே நகர்த்தினான். மந்தமான ஓசை எங்கே தெளிவாக மாறுகிறது என்று பார்த்தான்.

"எவ்வளவு?" என்றாள் அவள்.

"பாதிகூட ஆகலை."

"அதுக்கு?"

"போன் போட்டு லீவு சொல்லு. இன்னும் ரெண்டு நாள் இருப்போம்."

ஹில்க்கா கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். போனைத் தேடி உள்ளே போனாள்.